எண்ணூர் முகத்துவாரம்: முதல்முறை போகிறவர்களுக்கு

சென்னைக்குள் அருவி உண்டா என்று கேட்டால், இல்லை. மலையில்லாத ஊர் இது. ஆனால் ஆலைகளுக்கு நடுவே தண்ணீர் ஒரு நாளைக்கு நாலு தடவை திசை மாறி ஓடுகிற இடம் ஒன்று மாநகராட்சியின் முதல் மண்டலத்திலேயே இருக்கிறது. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரம் அது. மழைக்காலத்தில் அதே ஆற்றில், கொஞ்சம் மேலே போனால், அணைக்கட்டைத் தாண்டித் தண்ணீர் விழுவதையும் பார்க்கலாம். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறோம்.

முதல்முறை போகிறவர்களில் பலர் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் கிளம்பி, உச்சிவெயிலில் போய் நிற்கிறார்கள். கண்ணுக்கு எட்டிய வரை பழுப்புத் தண்ணீர், புகைபோக்கி, லாரிப் புழுதி. பறவையும் இல்லை, படகும் இல்லை. ஒன்றுமே இல்லையே என்று திரும்பிவிடுகிறார்கள். இடத்தில் குறையில்லை, நேரம்தான் தவறு. அதனால் முதலில் நாள் குறிப்போம்.

நாளும் நேரமும்

சென்னைக் கடலில் தண்ணீர் ஒரு நாளில் இருமுறை ஏறும், இருமுறை வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஏறக்குறைய ஒரு மீட்டர் வித்தியாசம் இருக்கும். அஷ்டமி வாக்கில் அது அரை மீட்டருக்கும் கீழே போய்விடும். ஒரு மீட்டர்தானே என்று தோன்றும். முகத்துவாரத்துக்கு உள்ளே விரியும் ஓடையின் தரை சாய்வே இல்லாமல் கிடப்பதால் ஓரடி வற்றினாலும் அகலமான சேற்றுத்திட்டு வெளியே வந்துவிடும். கொக்கும் உள்ளானும் இறங்குவது அந்தத் திட்டில். கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் இறங்குவதும் அப்போதுதான்.

அமாவாசை, பௌர்ணமி நாட்களில் இந்தக் கடற்கரையில் காலை எட்டு, ஒன்பது மணி வாக்கில் தண்ணீர் முழுக்க ஏறியிருக்கும். அதிகாலை இரண்டு, மூன்று மணி வாக்கிலும் பிற்பகல் இரண்டு, மூன்று மணி வாக்கிலும் வற்றியிருக்கும். ஒவ்வொரு நாளும் இந்த நேரம் 50 நிமிடம் போலத் தள்ளிப்போகும். இப்படி எண்ணிக்கொண்டே வந்தால், விடியலுக்கு முந்திய வற்றம் பஞ்சமி, சஷ்டி நாட்களில் காலை ஆறு, ஏழு மணிக்கு வந்து நிற்கும். புதிதாகப் போகிறவர்களுக்கு இதுதான் நல்ல நாள். வெயில் ஏறுவதற்குள் சேற்றுத்திட்டு, பறவை, மீன்பிடிப்பு மூன்றையும் பார்த்துவிடலாம். வீட்டில் மாட்டியிருக்கும் நாட்காட்டியில் திதியைப் பார்த்தால் நாள் கிடைத்துவிடும். மணிக்கணக்கை மட்டும், கடல் நிலவரம் சொல்லும் மத்திய அரசின் இன்காய்ஸ் நிறுவனத்தின் இணையதளத்தில் சென்னைக்கான ஏற்ற வற்ற அட்டவணையோடு ஒருமுறை சரிபாருங்கள்.

இதில் இரண்டு இடத்தில் கணக்குத் தப்பும். ஒன்று, அட்டவணையில் இருப்பது கடலின் நேரம். குறுகலான வாய் வழியாகத் தண்ணீர் உள்ளே போய்த் திரும்ப வேண்டியிருப்பதால் ஓடை எப்போதும் கடலை விடப் பின்தங்கியே ஏறும், பின்தங்கியே வற்றும். வாயிலிருந்து உள்ளே போகப் போகத் தாமதமும் கூடும். எனவே அட்டவணையில் வற்றம் ஆறு மணி என்றால் ஆறுக்கே அவசரப்பட வேண்டாம், ஏழு மணிக்கும் வற்றிக்கொண்டுதான் இருக்கும்.

இன்னொன்று மணல். ஆண்டின் பெரும்பகுதி நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே மணலைத் தள்ளிக்கொண்டு போகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அது திரும்பும். ஆற்றில் வெள்ளம் வராத மாதங்களில் இந்த மணல் வாயின் குறுக்கே மேடு கட்டிக்கொண்டு கடல் தண்ணீர் உள்ளே வருவதையே குறைத்துவிடும். அப்போது பஞ்சமி, சஷ்டிக் கணக்கெல்லாம் எடுபடாது. ஓடை ஏறாமலும் வற்றாமலும் தேங்கிக் கிடக்கும், வாடையும் வரும். கோடையில் போகிறவர்கள் பாலத்தில் நின்று தண்ணீர் நகர்கிறதா என்று பாருங்கள். நகரவில்லை என்றால் வாய் அடைபட்டிருக்கிறது என்று அர்த்தம்.

மாதம் என்று கேட்டால், மழை விட்ட டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை. வலசைப் பறவைகள் இருக்கும், காற்றும் தாங்கும்படி இருக்கும்.

போகும் வழி

சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட் புறநகர் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி அல்லது சூலூர்பேட்டை போகும் மின்தொடர் வண்டி ஏறி எண்ணூரில் இறங்குங்கள். திருவொற்றியூர், விம்கோ நகர், கத்திவாக்கம், அடுத்தது எண்ணூர். நிலையத்திலிருந்து முகத்துவாரம் மூன்று கிலோமீட்டர் வாக்கில் இருக்கும். ஆட்டோக்காரரிடம் “முகத்துவாரம் பாலம்” என்று சொன்னால் போதும். மெட்ரோவில் வருகிறவர்கள் விம்கோ நகரில் இறங்கி, கடலோரமாகப் போகும் எண்ணூர் விரைவுச் சாலையில் பேருந்தோ ஷேர் ஆட்டோவோ பிடிக்கலாம்.

இருசக்கர வண்டியில் வருவதை முதல்முறைக்கு வேண்டாம் என்றே சொல்வோம். அந்தச் சாலையில் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசை கட்டி நிற்கும். அவற்றுக்கு இடையில் புகுந்து போவது உள்ளூர்க்காரர்களுக்கே ஆபத்து. டிரெய்லர் திரும்பும்போது அதன் பின்பகுதி முன்பகுதி போன தடத்தில் வராது, உள்பக்கம் வெட்டிக்கொண்டு வரும். அந்த இடைவெளியில் நிற்கும் வண்டி டிரெய்லர் ஓட்டுநருக்குக் கண்ணாடியில் தெரியாது.

நேரம் இருந்தால் ஒன்று செய்யுங்கள். போகும்போது எண்ணூரில் இறங்காமல் ஒரு நிலையம் தாண்டி அத்திப்பட்டு புதுநகர் வரை போய், அடுத்த வண்டியில் திரும்பி வாருங்கள். இரண்டு நிலையங்களுக்கும் நடுவே ரயில் ஆற்றைக் கடக்கும். ஆறு எவ்வளவு அகலம், எந்தப் பக்கம் எந்த ஆலை என்பது அந்த ஜன்னலில் ஒரு நிமிடத்தில் பிடிபடும். அதற்கப்புறம் கீழே நின்று பார்க்கும்போது திசை குழம்பாது.

எடுத்துப்போக வேண்டியவை

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். நிழலே கிடையாது, தொப்பி கட்டாயம். பின்வார் உள்ள ரப்பர் செருப்பு போடுங்கள். சாதாரணச் செருப்பு சேற்றில் முதல் அடியிலேயே கழன்று உள்ளே போய்விடும், வெறுங்காலில் நடந்தால் ஆழி என்கிற சிப்பியின் ஓடு கிழிக்கும். வெள்ளைச் சட்டை வேண்டாம், நிலக்கரித் தூசு படியும். இருநோக்கி (பைனாகுலர்) இருந்தால் பறவைக்கு உதவும். ஈரமாக்கி முகத்தில் கட்டிக்கொள்ள ஒரு பருத்தித் துண்டு வேண்டும், காரணம் கீழே. பொதுக் கழிப்பறையை நம்பிப் போக முடியாது. பெண்களும் குழந்தைகளும் கிளம்பும் இடத்திலேயே முடித்துக்கொண்டு வருவது நல்லது.

எங்கே நின்று எதைப் பார்ப்பது

முதலில் பாலம். வாகனம் போகும் பாலம்தான், ஓரமாக நில்லுங்கள். கிழக்கே கடல். மேற்கே ஓடை அகன்று விரியும், தெற்கு வடக்காகப் பக்கிங்காம் கால்வாய் அதன் குறுக்கே போகும். அந்தக் கால்வாய் வழியாக இந்தத் தண்ணீர் வடக்கே பழவேற்காடு ஏரியோடு தொடர்பில் இருக்கிறது. வடக்கே தெரியும் புகைபோக்கிகள் வடசென்னை அனல்மின் நிலையத்துடையவை, அதற்கு அப்பால் 2001-ல் செயல்படத் தொடங்கிய காமராஜர் துறைமுகம். தென்கரையில் இருந்த பழைய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017-ல் நிறுத்தப்பட்டது.

பாலத்தில் பத்து நிமிடம் சும்மா நின்று தூணைப் பாருங்கள். தூணில் ஈரக்கோடு ஒன்று இருக்கும். தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்து, கோடு இன்னும் காயாமல் பளபளத்தால் வற்றுகிறது. அந்தக் கோடே தெரியவில்லை, காய்ந்த சிப்பிகளைத் தண்ணீர் தொட்டு ஏறுகிறது என்றால் ஏற்றம். சந்தேகம் இருந்தால் வலையோடு போகிறவரிடம் “அண்ணா, தண்ணி ஏறுதா, வத்துதா?” என்று கேளுங்கள். தயங்காமல் சொல்வார்கள், எத்தனை மணிக்குத் திரும்பும் என்பதையும் சேர்த்து.

வற்றம் என்றால் பாலத்திலிருந்து மேற்குப் பக்கக் கரைக்கு இறங்குங்கள். சேற்றுத்திட்டு ஓரமாக நெடுங்கால் உள்ளான், சின்னக் கொக்கு, சாம்பல் நாரை, மஞ்சள்மூக்கு நாரை நிற்கும். நீர்க்காகம் கம்பத்தில் இறக்கையை விரித்துக் காயவைக்கும். கூழைக்கடாவும் சில ஆண்டு பூநாரையும் வரும். செம்பருந்து மேலே சுற்றிக்கொண்டே இருக்கும். கண்டல் செடிகளின் அடியில் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நிமிர்ந்து நிற்பவை மூச்சு வேர்கள். அவற்றை மிதிக்காதீர்கள். சேற்றுக்குள் காற்றில்லாததால் அந்தச் செடி வேரை மேலே நீட்டி மூச்சு விடுகிறது.

ஏற்றம் என்றால் கடல் பக்கம் போங்கள். நுரையோடு தண்ணீர் உள்ளே புகுவதையும், ஆலாக்கள் அதன் மேல் பறந்து செங்குத்தாகப் பாய்வதையும் பார்க்கலாம். உள்ளே வரும் கடல்நீர் தெளிவாகவும் ஓடைநீர் கலங்கலாகவும் இருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் கோடு கிழித்த மாதிரி ஓர் எல்லை நகர்ந்து வரும். எண்ணூரில் பார்க்க வேண்டிய ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் இந்தக் கோட்டைத்தான் சொல்வோம்.

துறைமுக வேலி, மின்நிலைய வாசல் பக்கம் கேமராவை நீட்டாதீர்கள். பாதுகாப்புப் பகுதி, காவலர்கள் தடுப்பார்கள். ட்ரோன் வேண்டவே வேண்டாம்.

சேறும் நீரோட்டமும்

இங்கே ஆளை ஏமாற்றுவது சாம்பல்தான். அனல்மின் நிலையத்தில் எரிந்த நிலக்கரியின் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்கள் வருடக்கணக்கில் கசிந்து ஓடைத் தரையில் சாம்பல் படிந்திருக்கிறது. வெயிலில் காய்ந்தால் மேற்பரப்பு சிமெண்டுத் தரை போல வெளிர்சாம்பல் நிறத்தில் கெட்டியாகத் தெரியும். கால் வைத்தால் முழங்கால் வரை இறங்கும். கருஞ்சேற்றிலாவது நண்டு வளை, வேர், சிப்பி இருக்கும், பிடிமானம் உண்டு. வெளிர்ச் சாம்பலில் எதுவும் இருக்காது. ஆகவே நண்டு வளை இல்லாத தரையில் கால் வைக்காதீர்கள். மாட்டிக்கொண்டால் காலை மேலே இழுக்காதீர்கள், இழுக்க இழுக்க மற்றக் கால் புதையும். பின்பக்கமாக உட்கார்ந்து உடல் எடையைப் பரப்பி, காலை மெல்ல ஆட்டித் தண்ணீர் உள்ளே போக விட்டு உருவுங்கள்.

கறுப்பாக, நகம் அளவில், கொத்துக் கொத்தாக ஒட்டியிருக்கும் சிப்பியை இங்கே காக்கா ஆழி என்கிறார்கள். தென்னமெரிக்கக் கரையைச் சேர்ந்த இனம் அது. ஓடைத் தரையை ஜமுக்காளம் விரித்த மாதிரி மூடிவிடுவதால் இறால் சேற்றுக்குள் புதைய இடமில்லாமல் போகிறது. மீனவர்கள் இதைப் பற்றிப் பேசினால் நின்று கேளுங்கள். அவர்கள் பிழைப்பே அதில் இருக்கிறது.

முகத்துவாரத்தில் குளிக்கக் கூடாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய வற்றத்தில் இத்தனை பெரிய ஓடையின் தண்ணீரும் ஒரே வாய் வழியாக வெளியேறும். இடுப்பளவுத் தண்ணீரிலேயே நிற்க முடியாது. நீச்சல் தெரிந்தவரையும் கடலுக்குள் கொண்டுபோய்விடும். கடல் அரிப்பைத் தடுக்கக் கொட்டியிருக்கும் தூண்டில் வளைவுக் கற்களில் உட்கார்ந்து படம் எடுப்பதும் ஆபத்து. அலை படும் கற்களில் பாசி இருக்கும், வழுக்கினால் இரண்டு கல்லுக்கு இடையில் கால் மாட்டும்.

இனி அந்தத் துண்டு. சுற்றிலும் உரம், எண்ணெய், ரசாயன ஆலைகள். 2023 டிசம்பர் கடைசி வாரத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓட வேண்டியிருந்தது. மூக்கையும் கண்ணையும் எரிக்கும் நெடி வந்தால் என்னவென்று பார்க்க நிற்காதீர்கள். துண்டை நனைத்து மூக்கு வாயை மூடுங்கள், அம்மோனியா தண்ணீரில் கரையும். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அதற்குக் குறுக்கே நடங்கள். காற்று போகிற திசையிலேயே ஓடினால் வாயுவும் கூடவே வரும்.

அதே மாதம் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெயும் இறங்கி ஓடை முழுக்கப் பரவியது. படகு, வலை, கண்டல், பறவை எல்லாம் கறுத்தன. இன்றைக்கும் தண்ணீரில் வானவில் நிறத்தில் படலம் மிதந்தால் கையை விடாதீர்கள்.

தண்ணீரில் நிற்பவர்கள்

வற்றத்தில் கழுத்தளவுத் தண்ணீரில் தலைகள் மட்டும் மெல்ல நகர்வது தெரியும். அவர்கள் கையால் இறால் தடவுகிறார்கள், இருளர் சமூகத்தினர் பலருக்கு இதுதான் தொழில். இரண்டு கையும் சேற்றைத் தடவிக்கொண்டிருக்கும். பனையோலையில் பின்னிய பறி என்ற கூடையின் விளிம்பைப் பல்லில் கடித்துப் பிடித்திருப்பார்கள். விரலில் இறால் பட்டதும் அழுத்திப் பிடித்து, தலையை லேசாகத் திருப்பிப் பறிக்குள் போடுவார்கள். வாய் திறக்க முடியாது, பேச முடியாது. அதனால் தண்ணீரில் நிற்பவரைக் கூப்பிட்டுப் பேச்சுக் கொடுக்காதீர்கள். அனல்மின் நிலையம் குளிர்விக்க எடுத்த கடல்நீர் சூடாகத் திரும்பி இந்த ஓடையில்தான் சேர்கிறது. அந்தச் சூட்டிலும் சாம்பலிலும் மணிக்கணக்கில் நிற்பவர்கள் இவர்கள். படம் எடுக்க விரும்பினால், கரையேறி ஓய்வெடுக்கும்போது கேட்டுவிட்டு எடுங்கள். “அக்கா, ஒரு படம் எடுத்துக்கவா?” என்று கேட்டு, வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

வலை போடுகிறவர்களுக்கு எந்த நாள், எந்த இடம், யாருடைய முறை என்ற ஏற்பாடு இருக்கிறது, அதைப் பாடு என்பார்கள். நட்டு வைத்த கம்பு ஒன்றும் அனாதைக் கம்பு அல்ல. அதில் படகு கட்டுவதும், ஆட்டிப் பார்ப்பதும், பறவையைத் துரத்தக் கல் எறிவதும் ஒருவருடைய அன்றையக் கூலியைக் கெடுக்கும்.

சுற்றுலாப் படகு எதுவும் இங்கே இல்லை. ஃபைபர் படகு வைத்திருப்பவரிடம் பேசி, அவர் வேலை முடிந்த பிறகு போகலாம். எவ்வளவு பணம், எவ்வளவு நேரம், எதுவரை என்பதை ஏறும் முன்னே பேசிக்கொள்ளுங்கள். மிதவை அங்கி இல்லையென்றால் ஏறாதீர்கள். முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குள் போகக் கேட்காதீர்கள், மணல் மேட்டில் உடையும் அலையில் படகு கவிழும்.

மழைக்காலமும் வல்லூர் அணைக்கட்டும்

அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் நடுப்பகுதி வரை இந்த இடத்தின் முகமே வேறு. 1944-ல் கட்டி முடித்த பூண்டி நீர்த்தேக்கம் நிரம்பினால் உபரி நீர் கொசஸ்தலையில் திறந்துவிடப்படும். தாமரைப்பாக்கம் அணைக்கட்டைத் தாண்டி, மீஞ்சூர் அருகே வல்லூர் அணைக்கட்டில் ஏறி விழுந்து, எண்ணூருக்கு வரும். வல்லூரில் சுவர் முழுவதும் வெண்மையாகத் தண்ணீர் விழும்போது பக்கத்து ஊர்களிலிருந்து கூட்டம் கூடிவிடும். சென்னைக்கு அருவி என்று சொல்ல இருப்பது இதுதான்.

போவதற்கு முன் பூண்டியில் எத்தனை கனஅடி திறக்கிறார்கள் என்று செய்தியில் பாருங்கள். கரையோர மக்களுக்கு எச்சரிக்கை கொடுத்திருந்தாலோ, திறப்பைக் கூட்டிக்கொண்டே போனாலோ போக வேண்டாம். மேலே திறந்த தண்ணீர் உடனே வராது, மணிக்கணக்கில் பிந்தி வந்து சேரும். காலையில் கணுக்கால் அளவு இருந்தது மாலையில் ஆளை இழுப்பது அதனால்தான்.

விழும் தண்ணீருக்குக் கீழே இறங்கவே கூடாது. இது மலையருவி போலப் பாறையில் சிதறி ஓடிவிடுவதில்லை. சுவர் நெடுக ஒரே சீராக விழும் தண்ணீர் அடியில் போய்ப் புரண்டு, மேற்பரப்பில் மறுபடி சுவரை நோக்கியே திரும்பும். அதில் விழுந்தவரை ஓட்டம் சுவரோடு அணைத்து அழுத்தி, அடியில் தள்ளி, மேலே கொண்டுவந்து, மறுபடி சுவருக்கே இழுக்கும். பந்தோ வாழைமட்டையோ அந்த இடத்தை விட்டுப் போக முடியாமல் நின்று உருண்டுகொண்டே இருப்பதைக் கரையிலிருந்தே பார்க்கலாம். குழந்தைகளுக்கு அதைக் காட்டிச் சொல்லுங்கள், புரிந்துகொள்வார்கள். யாராவது விழுந்துவிட்டால் பின்னால் குதிக்காதீர்கள், கயிறோ புடவையோ எறியுங்கள், 112-ஐ அழையுங்கள்.

திரும்பும்போது

காலை எட்டு, ஒன்பது மணிக்குள் கரையில் இறால், நண்டு, மடவை விற்பனைக்கு வரும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், சிறு படகு மீன் மட்டும் கிடைக்கும், விலை கூடும். மடவையை வாங்கும் முன் செவுளைத் திறந்து முகர்ந்து பாருங்கள். மண்ணெண்ணெய் வாடை லேசாக வந்தாலும் வேண்டாம், எத்தனை புளி ஊற்றினாலும் போகாது. இறாலில் தலை உடலோடு இறுகியிருக்க வேண்டும், தொங்கினால் நேற்றையது. நண்டைக் கையில் தூக்கிப் பாருங்கள், அளவுக்கு ஏற்ற எடை இல்லையென்றால் உள்ளே சதை இருக்காது.

கால், செருப்பு எல்லாவற்றையும் ரயில் ஏறும் முன் நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள், இந்தச் சேறு தோலில் காய்ந்தால் அரிக்கும். ஆழி கிழித்த காயம் சின்னதாக இருந்தாலும் சோப்புப் போட்டுக் கழுவி, அன்றைக்கே டெட்டனஸ் தடுப்புக்கான டிடி ஊசி போட வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.